மகன் வந்து தங்கிய ஹோட்டல்

ஜெயகௌரி டூட்டிங்கில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். வயது அறுபத்திரண்டு. பிள்ளைகளுக்கு அவள் ‘மிஸ் கௌரி’. மத்தியானம் வெள்ளைத் தொப்பியோடு கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பட்டாணி வேண்டாம் என்று முகத்தைச் சுளிக்கிற பிள்ளைக்கும் கொஞ்சமாவது வைக்காமல் தட்டை விடமாட்டாள்.

போன வருடம் ஈஸ்டர் விடுமுறைக்கு மகன் லதீசன் வருகிறான் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அவன் சீனாவில் சுஜோ என்ற நகரத்தில் என்ஜினியர். கடைசியாக லண்டன் வந்து ஆறு வருடம் கடந்துவிட்டது. இடையில் அங்கேயே லின் என்ற பெண்ணைக் கல்யாணம் கட்டினான். பெண் குழந்தை பிறந்தது. ஜெயகௌரி கல்யாணத்தையும் போனில் பார்த்தாள், பேத்தியையும் போனில்தான் பார்த்தாள். ‘யாதவி’ என்று இவள் சொல்லி அனுப்பிய பெயர் அங்கே ‘யாயா’ ஆகியிருந்தது.

மேல்மாடியில் பின்பக்கத்து அறைக்கு இளமஞ்சள் பெயின்ற் அடிப்பித்தாள். புது மெத்தை வாங்கினாள். கணவனின் தமையன் மகன் றமணன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். அவனிடம் சொல்லி, குழந்தை விழாமல் படிக்கட்டின் மேல் ஒரு தடுப்பும் பூட்டுவித்தாள். எல்லாம் முடிந்த பிறகு லதீசன் போன் எடுத்தான்.

“அம்மா, லின்ர அப்பா அம்மாவும் எங்களோட வருகினம்.”

“வரட்டும். நல்லதுதானே.”

“இல்லை அம்மா, வீடு காணாது. ஆறு பேர். ஒரு பாத்ரூம். லின் வேலை செய்யிற கொம்பனிதான் டொக்லண்ட்ஸ்ல ஒரு ஹோட்டலுக்குச் சீனத் தோட்டம் கட்டிக் குடுத்தது. கொம்பனி ஆக்கள் எண்டு அங்க எங்களுக்கு மலிவா அறை தருகினம். உங்களுக்கும் ஒண்டு போட்டாச்சு. நாங்கள் நிக்கிற நாலு நாளும் எங்களோட வந்து இருங்கோ. நீங்கள் ஒருநாளும் இப்பிடி ஒரு இடத்தில தங்கேல்லைத்தானே.”

“இஞ்ச அறைக்குப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறன் அப்பன்.”

“ஏனம்மா வீணா மினக்கெட்டனீங்கள்?”

“வீட்டை ஒருக்கா வருவாய்தானே?” என்று மட்டும் கேட்டாள்.

“பாப்பம். அதில ஒருநாள் பாரிசுக்குப் போறம். அவைக்குப் பாரிஸ் பாக்கவேணுமாம்.”

அவனிடம் சொல்ல அவளுக்கு ஒரு விஷயம் இருந்தது. போனில் சொல்லும் விஷயம் அல்ல அது. நேரில் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். ஐந்து வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்தாள்.

அவளுடைய கணவன் தவராசா டைல்ஸ் பதிக்கிற வேலைக்காரர். கல்யாணம் கட்டி இரண்டு பேரும் ஜேர்மனியில் டோர்ட்முண்டில் பதினைந்து வருடம் இருந்தார்கள். லதீசன் பிறந்தது அங்கேதான். பிள்ளை இங்கிலீசில் படிக்கவேண்டும் என்று தவராசாதான் பிடிவாதமாக எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு லண்டன் வந்தார். தென் லண்டன் தமிழர்களின் குளியலறைகளில் பாதி அவர் கைபட்டவை என்று பகிடியாகச் சொல்வார்கள். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் பாத்ரூமுக்குப் போய், தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்து கதிரையில் இருப்பார்.

கொரோனாவின் முதல் வருடம், சித்திரையில், அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஆம்புலன்ஸில் ஏறும்போது, “நீ உள்ள போ, பனி” என்றார். ஆஸ்பத்திரிக்குள் இவளை விடவில்லை. பிறகு அவரை இவள் உயிரோடு காணவில்லை. சுடலையில் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. லதீசனுக்குச் சீனாவிலிருந்து விமானமும் இல்லை, வெளியேற வழியும் இல்லை. றமணன்தான் கொள்ளிக்கடமை செய்தான். அவனுடைய மனைவி போனை உயர்த்திப் பிடித்து, லதீசனுக்குக் காட்டினாள். பெட்டி உள்ளே போகிற நேரத்தில் திரையில் படம் இறுகி நின்றுவிட்டது.

பிறகு சாம்பல் வந்தது. கடும்பச்சை நிறத்தில், மூடியைத் திருகித் திறக்கிற ஒரு பிளாஸ்ரிக் சாடி. ஐயர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு கடலில் கரைத்துவிடச் சொன்னார்.

“லதீசன் வரட்டும்” என்றாள் ஜெயகௌரி.

லதீசனால் வரமுடியவில்லை. அந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. சீனா கதவைத் திறந்தபோது குழந்தை கைக்குழந்தை. பிறகு வேலை மாறினான். சாம்பலை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதனால் வளவின் கோடியில் இருந்த மர ஷெட்டுக்குள் வைத்தாள். தவராசாவின் டைல்ஸ் வெட்டும் மெஷினும் மட்டப்பலகையும் இருந்த தட்டைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சாடியை வைத்தாள். வேலையால் வந்ததும் பின்கதவைத் திறந்து ஷெட்டுக்குப் போவாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லுவாள். மகன் போனில் என்ன சொன்னான் என்று சொல்லுவாள். பக்கத்து வீட்டுக்காரி, இவளுக்குத் தோட்டவேலையில் நல்ல விருப்பம் என்று நினைத்திருந்தாள்.

லதீசனுக்கு இது தெரியாது. முதலில் அவன் நொந்துபோயிருக்கிறான் என்று சொல்லவில்லை. பிறகு, வரும்போது சொல்லலாம் என்று சொல்லவில்லை.

அவர்கள் வந்திறங்குகிற அன்று, சூட்கேஸில் இரண்டு சேலையும், ஒரு பையில் சாப்பாடும் எடுத்துக்கொண்டு ஜெயகௌரி ஹோட்டலுக்குப் போனாள். பாங்க் ஸ்டேஷனில் மாறி டிஎல்ஆர் ரெயின் பிடித்தாள். பையில் பயத்தம் பணியாரமும் மீன் கட்லட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இருந்தன. ரெயினில் பக்கத்தில் இருந்தவர்கள் மணத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பொடியன் வாசலில் வந்து சூட்கேஸை வாங்கினான். சாப்பாட்டுப் பையையும் வாங்கப் பார்த்தான். அதை அவள் கொடுக்கவில்லை. அறை, அவளுடைய வீட்டின் கீழ்த்தளம் முழுவதையும் அடக்கிவிடும் அளவுக்கு இருந்தது. குளியலறையில் சாம்பல்நிறக் கல் பதித்திருந்தார்கள். பழக்கத்தில் விரலால் பொருத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்திலும் நகம் தட்டுப்படவில்லை. இவர் பார்த்திருந்தால் மற்ற ஆக்களையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பார் என்று நினைத்தாள்.

ஜன்னலுக்குக் கீழே தோட்டம். வெள்ளைச் சுவர்கள், அவற்றின் தலையில் கறுத்த ஓடு. சுவரில் முழுநிலவு போல வட்டமாக ஒரு வாசல். அதற்கு அப்பால் குளம். குளத்தின்மேல் நேராகப் போகாமல் வளைந்து முறிந்து போகிற கல்பாலம். ஓட்டை விழுந்த பெரிய கற்களைச் செங்குத்தாக நட்டிருந்தார்கள். மூங்கில் அசைந்தது. செம்மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து வந்து போயின. சுவருக்கு மேலால் சிற்றி விமான நிலையத்துக்கு இறங்குகிற விமானம் ஒன்று தாழப் பறந்தது. அவள் நெடுநேரம் ஜன்னலிலேயே நின்றாள். ஒவ்வொரு விமானத்தையும் இதில்தான் வருகிறார்களோ என்று பார்த்தாள். அவர்கள் வருவது ஹீத்றோவுக்கு என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

பின்னேரம் வந்தார்கள். லதீசன் உடம்பு வைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. கட்டிப்பிடித்தான். “மெலிஞ்சு போனியள் அம்மா” என்றான். லின் மெல்லிய பெண். “மாமி” என்று இழுத்துச் சொன்னாள். வழியெல்லாம் சொல்லிப் பழகிவந்த சொல் என்று தெரிந்தது. குழந்தை, லினின் தாயுடைய காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஜெயகௌரி குனிந்து கையை நீட்டினாள். குழந்தை அம்மம்மாவின் காற்சட்டையில் முகத்தைப் புதைத்துவிட்டது.

“போகப்போகப் பழகும்” என்றான் லதீசன்.

லினின் தாய் கட்டையான, வெள்ளைத் தலைமயிரைக் குறுகவெட்டிய பெண். சுடுதண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்க் எப்போதும் தோளில் தொங்கியது. இங்கிலீஷ் ஒரு சொல்லும் வராது. தகப்பன் சிரித்த முகத்தோடு கொஞ்சம் பின்னால் நிற்கிற மனுஷன். சம்பந்தியம்மா ஜெயகௌரியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிச் சீன மொழியில் நிறையச் சொன்னாள். லின் அதை, “சந்தித்ததில் மகிழ்ச்சி என்கிறார்” என்று ஒரு வரியில் முடித்தாள்.

அடுத்த நாள் காலை எல்லோரும் தோட்டத்தில் நடந்தார்கள். ஜெயகௌரி வட்ட வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பின்னால் லதீசனின் குரல் கேட்டது.

“மா!”

“ஓம், என்ன அப்பன்?” என்று திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு அப்பால், குளக்கரையில் நின்ற லினின் தாயைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தான். அவள் அங்கிருந்து ஏதோ பதில் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டு அவர்களுடைய மொழியில் கடகடவென்று கதைத்தான். பிறகுதான் நடுவில் நின்ற தாயைக் கண்டான்.

“அவையின்ர பாசையிலயும் அம்மாவுக்கு ‘மா’தான்” என்றான், கொஞ்சம் வெட்கப்பட்டு.

“அதுக்கென்ன. கூப்பிடத்தானே வேணும்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கண் வேறொன்றிலும் நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சம்பந்தியம்மா தோடம்பழத்தைத் தோல் உரித்து, வெள்ளை நாரையும் எடுத்து, லதீசனின் தட்டில் வைப்பாள். அவன் யார் வைத்தது என்றும் பாராமல் எடுத்து வாயில் போடுவான். அவன் இருமினால் பிளாஸ்க் மூடியில் சுடுதண்ணீர் ஊற்றி நீட்டுவாள். வாங்கிக் குடிப்பான். தான் கொண்டுவந்த கட்லட்டைப் பற்றி ஜெயகௌரி முதல்நாளே சொல்லியிருந்தாள். “பிறகு சாப்பிடுவம் அம்மா, இஞ்ச பிரேக்பாஸ்ட் எல்லாம் சேத்துத்தான்” என்றிருந்தான். அது அறையின் குட்டிப் பிரிட்ஜுக்குள் தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவில் கிடந்தது.

அன்று பகல் முழுக்க ஊர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை சம்பந்திமாருக்குக் கடைகள் காட்டிவிட்டு, மத்தியானத்தோடு திரும்பினார்கள். அதற்கு அடுத்த நாள் விடிய பாரிஸ். அதற்கு மறுநாள் பின்னேரம் சீனாவுக்கு விமானம். குழந்தை நித்திரை. லின் அறையில். லதீசன் தனியே தோட்டத்து மண்டபத்தில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்ததை ஜன்னலால் கண்டு, ஜெயகௌரி இறங்கிப் போனாள். பக்கத்தில் கல் வாங்கில் இருந்தாள். எப்படித் தொடங்குவது என்று ஐந்து வருடமாக யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

“அப்பாவை இன்னும் கரைக்கேல்லையடா” என்றாள்.

“என்ன?”

“சாம்பல். வீட்டில இருக்கு, ஷெட்டுக்குள்ள. நீ வந்து செய்வாய் எண்டு வைச்சிருக்கிறன்.”

அவன் போனைக் கீழே வைத்தான். “அஞ்சு வருசமாவோ?”

“ஓம்.”

“றமணன் அண்ணை எல்லாம் செய்து முடிச்சவர் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்!”

“கொள்ளிக்கடமை அவன்தான் செய்தவன். இதையும் அவனைக்கொண்டு செய்விக்க எனக்கு மனம் வரேல்லை. அவருக்கு நீ ஒருத்தன்தானே.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“போனில சொல்லுற கதையே இது?”

லதீசன் எழும்பினான். குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். “அம்மா, நான் தனிய ஒரு அறைக்குள்ள இருந்து அந்தப் போனைப் பாத்துக்கொண்டிருந்தனான். படம் அப்பிடியே நிண்டிட்டுது. பெட்டி போனதையும் காணேல்லை. கனகாலம் எனக்கு நித்திரை இல்லை. லின்னும் அவையும்தான் என்னைப் பாத்தவை. அதிலயிருந்து இப்பதான் வெளியில வந்திருக்கிறன். திருப்பியும் என்னை அதுக்குள்ள இழுக்காதேங்கோ.”

“இழுக்கேல்லையடா. ஒரு அரை நாள்.”

“நாளைக்குப் பாரிஸ். டிக்கட் எல்லாம் எடுத்தாச்சு. நீங்கள் றமணன் அண்ணையோட போய்க் கரையுங்கோ. எனக்கு ஏலாது.”

“ஏலாதோ, நேரமில்லையோ?”

அவன் சத்தம் உயர்ந்தது. “நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கவேணும்!” பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரச் சோடி திரும்பிப் பார்த்தது. அவன் வட்ட வாசலால் விறுவிறென்று போய்விட்டான். ஜெயகௌரி இருந்த இடத்திலேயே இருந்தாள். ஹோட்டல் பெண் ஒருத்தி வந்து தேத்தண்ணி ஏதும் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அடுத்த நாள் காலை அவள் சூட்கேஸைக் கட்டினாள். அவர்கள் பாரிசுக்குப் போனபிறகு இந்த அறையில் தனியே இருந்து என்ன செய்வது? பிரிட்ஜுக்குள் இருந்த சாப்பாட்டுப் பெட்டிகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டுப்பட்டது. லின்னும் தாயும். லினின் கண்கள் வீங்கியிருந்தன. தாய், வா என்று சொல்லும்வரை வாசலில் நின்றாள். வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள். சூட்கேஸைப் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

“அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அம்மா கேட்கிறார்” என்றாள் லின் இங்கிலீசில்.

“ஆர்?”

“மாமா. உங்கள் கணவர்.”

ஜெயகௌரி கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்தாள். ‘ஏன் இன்னும் வைத்திருக்கிறாய்’ என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டதில்லை. வளவில், ஷெட்டுக்குள் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னாள்.

“தனியாகவா?”

“நான் ஒவ்வொரு நாளும் போய்க் கதைப்பேன்.”

லின் அதைச் சொன்னதும், தாய் தலையை ஆட்டினாள். அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. செய்யவேண்டியதைச் செய்தாய் என்பது போன்ற தலையாட்டல். பிறகு நிறையக் கதைத்தாள். லின் இந்தமுறை ஒன்றும் குறைக்காமல் சொன்னாள். “எங்கள் ஊரில் இது கல்லறைகளைக் கூட்டித் துப்புரவாக்குகிற காலம். நாங்கள் பயணம் வந்ததால் இந்த வருடம் தன்னுடைய தாய் தகப்பனிடம் போகவில்லை என்று அம்மாவுக்கு மனக்குறை. இங்கே வந்து மருமகனுடைய அப்பாவையும் பார்க்காமல் போனால் அது என்ன பயணம் என்று கேட்கிறார். பாரிஸ் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நேற்றிரவு லதீசன் எல்லாவற்றையும் சொன்னதும் அம்மா அவரை ஏசினார். நிறைய ஏசினார்.”

“அவன் என்ன சொன்னவன்?”

“ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அழுதார்.”

ஜெயகௌரிக்கு அந்தப் பெண்ணின் காலில் விழலாம் போலவும் இருந்தது, முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலும் இருந்தது. தான் சொல்லிக் கேட்காத பிள்ளை இவள் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவன் தனிய அறைக்குள் கிடந்து நித்திரையில்லாமல் தவித்த மாதங்களில் பக்கத்தில் நின்றவள் இவள்தான் என்பதும் அதே நேரம் நினைவுக்கு வந்தது. எழும்பிப் போய், பைக்குள் இருந்து பயத்தம் பணியாரத்தை எடுத்து நீட்டினாள். சம்பந்தியம்மா ஒன்றை எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கடித்தாள்.

இரண்டு டாக்ஸியில் டூட்டிங் வந்தார்கள். லதீசன் முதலில் இறங்கினான். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இருக்கையறையையும் குசினியையும் பாராமல் கடந்து பின்கதவுக்குப் போனான். ஜெயகௌரி முன்னால் போய் ஷெட்டைத் திறந்தாள். லினின் தகப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகப் போய்விட்டார்.

லதீசன் தட்டைப் பார்த்தபடி நின்றான். மட்டப்பலகையைத் தொட்டான். பிறகு இரண்டு கையாலும் சாடியைத் தூக்கினான்.

“இவ்வளவு பாரமோ அம்மா?”

“ஓம், பாரம்தான்.”

அவன் அந்த ஈரப் புல்லிலேயே இருந்துவிட்டான். சாடியை மடியில் வைத்து, மூடியின்மேல் நாடியை ஊன்றினான். சின்ன வயதில் அழுவதுபோல வாயைத் திறந்து அழுதான். ஜெயகௌரி அவன் தலையைத் தடவினாள். அவள் அழவில்லை. அவளுக்கு அந்த நேரம் பிள்ளை மட்டும்தான் தெரிந்தான்.

சம்பந்தியம்மா கொஞ்சம் பொறுத்து வந்தாள். தோள்பையிலிருந்து தோடம்பழங்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள். பிளாஸ்க் மூடியில் சுடுதண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். லதீசன் சாடியைத் திருப்பி வைத்ததும், அவள் இடுப்பை வளைத்து மூன்று முறை ஆழமாகக் குனிந்தாள். லின்னும் குனிந்தாள்.

அன்றிரவு ஒருவரும் ஹோட்டலுக்குத் திரும்பவில்லை. ஜெயகௌரி பிட்டு அவித்தாள். றமணன் வந்தான். குளியலறைக்கு முன்னால் ஆள் மாறி ஆள் காத்து நின்றார்கள். யாயா மஞ்சள் அறையில் நித்திரையானாள். நித்திரைக்கு முன் ஒருமுறை, தாய் சொல்லிக்கொடுக்க, “அப்பம்மா” என்றாள்.

காலையில் சவுத்தெண்ட் கடற்கரைப் பக்கம் போனார்கள். இதற்காக ஆட்களை ஏற்றிப்போகிற ஒரு படகுக்காரரை றமணன் ஒழுங்குபண்ணியிருந்தான். கடல் அசையாமல், ஈயம் உருக்கி ஊற்றியது போல கிடந்தது. குழந்தையும் லினின் தகப்பனும் கரையில் நின்றுகொண்டார்கள். நடுவில் படகை நிறுத்தியதும், லதீசன் தண்ணீரோடு ஒட்டக் கையைத் தாழ்த்தி சாடியைச் சரித்தான். சாம்பல் என்று சொன்னாலும் அது பருமணல் போலத்தான் இருந்தது. “அப்பா” என்று ஒருதரம் கூப்பிட்டான். தண்ணீரில் வெள்ளையாகப் படர்ந்து கீழே போனது.

பாதியில் ஜெயகௌரி அவன் தோளைப் பிடித்தாள். “கொஞ்சம் வையடா” என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

“கொஞ்சம். ஒரு பிடி.”

“சித்தி, அப்பிடி வைக்கக்கூடாது. முழுக்கக் கரைக்கவேணும்” என்றான் றமணன் மெதுவாக.

லதீசன் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாடியைச் சரித்தபடியே நின்றான். யார் சொல்வதைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜெயகௌரிதான் கடைசியில் கையை எடுத்தாள். “சரி, விடு” என்றாள். எல்லாம் போய்விட்டது. கொண்டுவந்த செவ்வந்திப் பூக்களைப் போட்டார்கள். அவை மட்டும் மிதந்து படகைச் சுற்றிக்கொண்டு நின்றன.

அதற்குப் பிறகு ஓட்டமும் அவசரமும். ஹோட்டலுக்குப் போய்ச் சாமான்களை எடுத்து, அப்படியே ஹீத்றோ. சம்பந்தியம்மா இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விட மனமில்லாமல் நின்றாள். “அடுத்த வருசம் கட்டாயம் வாறம் அம்மா” என்றான் லதீசன். “வீட்டிலயே நிப்பம்.” குழந்தை கை காட்டியது. கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

பள்ளிக்கூடம் திறந்தது. ஜெயகௌரி வேலைக்குப் போனாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றமுன் கை தானாகக் கொளுக்கியிலிருந்து பின்கதவுத் திறப்பை எடுத்துவிடும். கதவு வரை போவாள். பிறகுதான் ஞாபகம் வரும். சில நாட்களில் ஞாபகம் வந்த பிறகும் ஷெட்டைத் திறந்து பார்த்தாள். வெள்ளைத் துணியில் சாடி இருந்த வட்டம் மட்டும் பழுப்பேறாமல் இருந்தது. அங்கே நின்று, இன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குவாள். குரல் பலகைச் சுவரில் பட்டுத் தன்னிடமே வருவதுபோல இருக்கும். நிறுத்திவிடுவாள். அவர் இறந்த வருடம் ஊரே அடங்கிக் கிடந்ததால் அவளுக்கு அழுவதற்குக்கூட ஒருவருடைய தோள் கிடைக்கவில்லை. அந்த அழுகை இப்போதுதான் வந்தது. பஸ்ஸில் வந்தது, சுப்பர்மார்க்கட்டில் வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது வந்து, கூட வேலைசெய்யும் பெண் அவளைக் கதிரையில் இருத்தி, வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

லதீசன் ஞாயிறுகளில் போன் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் குரல் தெளிந்திருந்தது. நன்றாக நித்திரை கொள்கிறேன் என்றான். தாய்க்கு அது சந்தோஷம். ஆவணியில், லின் இரண்டாவது பிள்ளைக்கு இருக்கிறாள் என்று சொன்னான். அதனால் அடுத்த வருடம் வர ஏலாது, அதற்கடுத்த வருடம் பார்ப்போம் என்றான்.

“ஓம், ஓம். பிள்ளைத்தாச்சியைக்கொண்டு அலையக்கூடாது” என்றாள் ஜெயகௌரி. “சம்பந்தியம்மாவுக்குச் சுகம் கேட்டதெண்டு சொல்லு.”

அந்தக் கிழமை றமணன் அவளைப் பார்க்க வந்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “நீங்கள் ஒருக்கா அங்க போய்வாங்கோவன் சித்தி” என்றான்.

“போகலாம். அவையள் எல்லாரும் ஒரே வீட்டில இருக்கினம். எனக்குப் பக்கத்தில ஒரு ஹோட்டல் போடுவான். நல்ல ஹோட்டலாத்தான் போடுவான்.”

றமணன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். “இருந்தாலும், சித்தப்பாவின்ர காரியம் முடிஞ்சதில உங்களுக்கு ஒரு ஆறுதல்தானே?”

ஜெயகௌரி மேசையில் சிந்திக் கிடந்த சீனியை உள்ளங்கையால் கூட்டினாள்.

“அவருக்கு ஆறுதல். பிள்ளைக்கும் ஆறுதல். அது போதும்தான்.” கூட்டிய சீனியைத் தட்டில் போட்டாள். “ஆனா றமணன், அவர் ஷெட்டுக்குள்ள இருக்குமட்டும் அவன் எப்பிடியும் ஒருநாள் வந்துதான் ஆகவேணும் எண்டு ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இப்ப அவனை வா எண்டு கூப்பிட என்னட்டை ஒண்டும் இல்லை.”

“நீங்கள் இருக்கிறியள்தானே சித்தி.”

ஜெயகௌரி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. கொடியில் உடுப்புக் காய்கிறது என்று எழும்பிப் போனாள்.